மன்னிக்கக் கற்ற அன்னை

பரலோக மந்திரத்தை நாளாந்தம் செபிக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில், பிறர் குற்றங்களை மன்னிக்க வேண்டும் என்பதை அறியாதவர் எவருமிலர். ஆனால் மன்னிக்க விரும்பியும் இயலாமல், நெஞ்சிலே பாரத்தைச் சுமந்துகொண்டு வருடக்கணக்காக வாழ்வோர் நம்மிடையே பலர் உளர். தங்களுக்கு விசுவாசம் போதாது என்று எண்ணி அவர்கள் வெட்கப்படுகிறார்கள். எவரிடமும் வாய் திறந்து சொல்வதுமில்லை. இத்தகையோருக்கு ஆறுதலும் வழியும் காட்டும் வாழ்க்கை ஒன்று புனிதர் வரலாற்றில் உண்டு. நானூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சு தேசத்தில் வாழ்ந்த புனித யோவன்னா பிரான்சிஸ்கா தெ சந்தால் அம்மையாரின் வாழ்க்கையே அது. தம் கணவரின் உயிர் போவதற்குக் காரணமாயிருந்த மனிதரை மன்னிப்பதற்கு அம்மையார் சில ஆண்டுகள் போராடினார். தனியே நின்று இயலாதபோது துணை தேடினார். முதலிற் கிடைத்த துணை புண்ணை மேலும் பெரிதாக்கியது. இரண்டாவதாகக் கிடைத்த துணையே அதனை ஆற்றியது.

பிறப்பும் இல்லறமும்

யோவன்னா 1572ஆம் ஆண்டு ஜனவரி 28ஆந் திகதி பிரான்சின் பர்கண்டி மாகாணத்துத் தலைநகரான டிஜோனில் பிறந்தார். தந்தையார் பெனிஞ் பிரேமியோ அம்மாகாண உயர் நீதிமன்றத்தின் தலைவர்களுள் ஒருவர், நேர்மைக்குப் பேர்போனவர். யோவன்னாவுக்கு ஒன்றரை வயதாயிருக்கும்போதே தாயார் இறந்துபோனார். மூத்த சகோதரி மார்கரீத், இளைய சகோதரன் அந்திரே ஆகியோரோடு யோவன்னாவையும் தந்தையாரே வளர்த்து, விசுவாசத்திலும் கல்வியிலும் பயிற்றினார்.

1592ஆம் ஆண்டு, தமது இருபதாவது வயதில், யோவன்னா கிறிஸ்தோப் தெ ராபுத்தான் என்பவரை மணந்தார். சந்தால் பிரபு என்னும் பட்டம் பெற்ற அவர் அரசனின் படையிற் பணிபுரிந்த போர்வீரர். புதுமணத் தம்பதிகள் பூர்பிலி என்னும் ஊரிலிருந்த பழைய மாளிகையிற் குடியேறினர். பட்டமும் மாளிகையும் இருந்தனவேயன்றி, கடனும் கூடவே இருந்தது. மணப்பெண்ணாக வந்த யோவன்னா அதிகாலையில் எழுந்து, கணக்குகளைப் பார்த்து, நிலபுலங்களை மேற்பார்வை செய்து, சிதறிக் கிடந்த குடும்பத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். வீட்டார் அனைவரும், வேலையாட்கள் உட்பட, நாள்தோறும் திருப்பலி காணும்படி ஏற்பாடு செய்தார்.

ஏழைகளுக்கு அம்மாளிகையின் வாசல் எப்போதும் திறந்திருந்தது. அப்பமும் கஞ்சியும் வாங்கிக்கொண்டு போனவர்களுட் சிலர் பின்புறமாகச் சுற்றி வந்து, மறுபடியும் வரிசையில் நிற்பதுண்டு. அம்மையார் அதனை அறிந்தும் அறியாதவர்போல் மீண்டும் கொடுத்தனுப்புவார். தாமும் கடவுளின் வாசலுக்குத் திரும்பத் திரும்பச் சென்று கேட்பவர்தாமே என்பது அவருடைய நினைவு.

தம்பதிகளுக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தனர். முதலிரு குழந்தைகளும் பிறந்த சிறிது காலத்திலேயே இறந்தனர். மகன் செல்ஸ் பெனிஞ், மகள்மார் மரி எமே, பிரான்சுவாஸ், சார்லோட் ஆகிய நால்வரும் எஞ்சினர். கணவரும் மனைவியும் ஒருவரையொருவர் உயிராய் நேசித்தனர். கணவர் போருக்குச் சென்றிருக்கும் நாட்களில் அம்மையார் விருந்துகளையும் ஆடம்பர உடைகளையும் தவிர்த்தே வாழ்ந்தார்.

காட்டிலே நேர்ந்த விபத்து

1601ஆம் ஆண்டில் கடைசி மகள் சார்லோட் பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. கிறிஸ்தோப் தமது நண்பரும் உறவினருமான தான்லேசி என்பவரோடு வேட்டைக்குச் சென்றார். அங்கே தான்லேசியின் துப்பாக்கியிலிருந்து பாய்ந்த குண்டு கிறிஸ்தோப்பைத் தாக்கியது. வேண்டுமென்று செய்த செயலன்று, விபத்தே. சுட்ட மனிதர் தமது கைகளால் நேர்ந்ததைக் கண்டு பித்துப் பிடித்தவர்போல் ஆனார்.

காயப்பட்டவர் அந்த வேளையிலேயே நண்பரை மன்னித்தார். அது தவறுதலாக நேர்ந்தது என்று எல்லோரிடமும் சொன்னார். தமது மரணத்தின் பின் எவரும் நண்பர்மீது வழக்குத் தொடுக்கவோ பழிவாங்கவோ கூடாதென்று கருதி, தாம் அளித்த மன்னிப்பைக் கோவிற் பதிவேட்டிலே எழுதச் செய்தார். தம்மைப் போலவே மனைவியும் மன்னிக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டார்.

பிரசவப் படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவந்த யோவன்னாவால் அப்படிச் செய்ய இயலவில்லை. எப்படியாவது பிழைக்கச் செய்ய வேண்டுமென்று வைத்தியர்களை வற்புறுத்தினார். தம்மிடமுள்ள யாவற்றையும் எடுத்துக்கொண்டு கணவரை மட்டும் விட்டுவிடும்படி கடவுளிடம் மன்றாடினார். ஒன்பது நாட்கள் உயிரோடு போராடியபின் கிறிஸ்தோப் இறந்தார். முப்பது வயது நிறையாத யோவன்னா, நான்கு சிறு பிள்ளைகளுடன் விதவையானார்.

கணவர் கணப்பொழுதில் மன்னித்தார். மனைவிக்குச் சில ஆண்டுகள் சென்றன. இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள்; ஒரே விசுவாசத்தைக் கொண்டவர்கள். ஆயினும் ஒருவருக்கு விரைவில் இயன்றது மற்றவருக்கு இயலவில்லை. இழந்தவரின் புண் வேறு, இறப்பவரின் புண் வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

ஆறாத புண்

அம்மையார் மறுமணம் செய்வதில்லை என்று கடவுளுக்கு வார்த்தைப்பாடு கொடுத்தார். கணவரின் உடைகளையும் தமது நல்லுடைகளையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். மரங்களிடையே தனியே சென்று அழுவார். உடல் மெலிந்து எலும்பும் தோலுமானார். பிள்ளைகளை நினைத்தேனும் தம்மைத் தேற்றிக்கொள்ளுமாறு தந்தையார் கண்டித்து எழுதவேண்டியதாயிற்று.

தான்லேசியின் பெயரைக் கேட்பதும் அவருக்குத் தாங்கமுடியாததாயிருந்தது. அம்மனிதர் தீய எண்ணமில்லாதவர் என்பதை அவருடைய அறிவு ஒப்புக்கொண்டது. மன்னிக்க வேண்டுமென்பதையும் அவர் அறிந்திருந்தார். கணவரின் கடைசி விருப்பமும் அதுவே. அறிவு ஒப்புக்கொண்டதை நெஞ்சம் ஏற்க மறுத்தது. அவரை முகத்துக்கு முகம் பார்ப்பதை நினைத்தாலே உடல் நடுங்கியது.

இதனோடு வேறொரு துன்பமும் சேர்ந்தது. மாமனாராகிய முதிய ராபுத்தான் பிரபு, மருமகள் பிள்ளைகளோடு தமது மொந்தலோன் மாளிகைக்கு வந்து வாழவேண்டும், இல்லையேல் பேரப்பிள்ளைகளுக்குச் சொத்தில்லை என்று சொல்லியனுப்பினார். பிள்ளைகளின் எதிர்காலத்தை முன்னிட்டு அம்மையார் அங்கு சென்றார். அம்முதியவர் முன்கோபி. அவ்வீட்டின் நிருவாகம் முழுவதும் ஒரு பணிப்பெண்ணின் கையில் இருந்தது. வீட்டுக்கு உரிமையுள்ள மருமகள் ஒரு கோப்பை பானம் வேண்டுமென்றாலும் அப்பெண்ணின் தயவை நாடவேண்டியிருந்தது. ஏழாண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது. பழைய காயம் ஆறாமலிருக்க, புதிய மனக்கசப்பு நாள்தோறும் வளர்வதற்கு இதைவிட ஏற்ற இடம் வேறில்லை.

முதலாவது வழிகாட்டி

தம்மாலே தமது மனத்தை ஆள முடியவில்லை என்று கண்ட அம்மையார், தமக்கு ஓர் ஆன்ம வழிகாட்டியைத் தந்தருளுமாறு இடைவிடாது செபித்தார். டிஜோன் நகருக்கு அருகிலுள்ள ஒரு மாதா திருத்தலத்துக்குச் சென்றபோது, அங்கே ஒரு குருவானவரைச் சந்தித்தார். பலர் அவரிடம் ஆலோசனை கேட்பதைக் கண்டு தாமும் தமது உள்ளத்தைத் திறந்தார்.

அக்குருவானவர் தீயவரல்லர்; ஆனால் புண்பட்ட மனத்தைக் கையாள அறியாதவர். துயரத்தால் மெலிந்திருந்த பெண்மணிமீது அவர் நீண்ட செபங்களையும், இரவு விழிப்புகளையும், உபவாசங்களையும், உடல் ஒறுத்தல்களையும் சுமத்தினார். அத்தோடு நான்கு வார்த்தைப்பாடுகளையும் வாங்கிக்கொண்டார். தமக்கு எப்போதும் கீழ்ப்படிதல், தம்மைவிட்டு வேறொருவரிடம் போகாதிருத்தல், தாம் சொல்பவற்றை இரகசியமாக வைத்திருத்தல், தமது உள்ளத்தைப்பற்றி வேறு எவரோடும் பேசாதிருத்தல் ஆகியவையே அந்நான்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அம்மையார் இந்தச் சுமையைச் சுமந்தார். சமாதானத்தைத் தேடிச் சென்றவருக்குப் பயமே பெருகிற்று. கட்டளைகளை நிறைவேற்ற முடியாதபோது தம்மையே குற்றஞ்சாட்டினார். செப நேரத்திலே வீட்டார் எல்லோரும் அவருக்காகச் சிரமப்பட்டனர். தான்லேசியைப்பற்றிய மனத்தாங்கலோ இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு புண்ணுக்குத் தவறான மருந்தைக் கட்டி, கட்டை அவிழ்க்கவும் கூடாதென்று சொன்னால் என்ன ஆகுமோ, அதுவே அவருக்கு ஆயிற்று.

1604ஆம் ஆண்டுத் தவக்காலம்

1604ஆம் ஆண்டு டிஜோன் நகரத்தார், தவக்காலப் பிரசங்கங்களுக்காக ஜெனீவா ஆயர் பிரான்சிஸ் சலேசியாரை அழைத்தனர். ஜெனீவா நகரம் அப்போது கல்வின் மதத்தினரின் கையில் இருந்தபடியால், சலேசியார் சவோய் நாட்டு அன்னெசி நகரிலிருந்தே மறைமாவட்டத்தை நடத்திவந்தார். வயது முப்பத்தாறு. இயல்பிலே சடுதியிற் கோபங்கொள்ளும் சுபாவமுடைய அவர், பல்லாண்டுப் பயிற்சியினாலேயே சாந்தத்தை அடைந்தவர். பிறருடைய மனப்போராட்டத்தை அவர் பொறுமையோடு கேட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மாமனாரின் அனுமதியோடு அம்மையார் டிஜோனிலிருந்த தந்தை வீட்டுக்கு வந்து, நாள்தோறும் பிரசங்கத்துக்குச் சென்றார். பிரசங்க மேடைக்கு எதிரே அமர்ந்து கவனமாகக் கேட்கும் விதவைப் பெண்மணி யாரென்று ஆயர் விசாரித்தார். கேட்கப்பட்டவர் வேறு யாருமல்லர், அம்மையாரின் சகோதரர் அந்திரேயே. இவர் பூர்ஜ் நகரின் பேராயர். அவர் மூலமாகவும் தந்தையாரின் இல்லத்திலே நடந்த விருந்துகளின் மூலமாகவும் இருவருக்கும் அறிமுகம் ஏற்பட்டது.

ஒருநாள் அம்மையாரின் உடையில் அலங்காரக் குஞ்சங்களையும் சரிகையையும் கண்ட ஆயர், மறுமணம் செய்யும் எண்ணம் உண்டா என்று வினாவினார். இல்லையென்றார் அம்மையார். அப்படியானால் அந்த விளம்பரம் எதற்கு என்ற கருத்துப்பட ஆயர் மெல்லச் சொன்னார். மறுநாள் அந்த அலங்காரங்கள் உடையில் இல்லை. கடுஞ்சொல் ஒன்றுமின்றி, புன்னகையோடு சொல்லப்பட்ட அந்த ஆலோசனை, முன்னைய வழிகாட்டியின் கட்டளைகளைவிட ஆழமாய்ச் சென்றது.

ஆயினும் தமது உள்ளத்தைத் திறந்து பேச அம்மையார் அஞ்சினார். வேறு எவரோடும் பேசுவதில்லையென்ற வார்த்தைப்பாடு குறுக்கே நின்றது. மன வேதனை பொறுக்க முடியாத நிலையிலே ஒருநாள் ஆயரிடம் கொஞ்சம் பேசினார். பேசியபின் வார்த்தைப்பாட்டை மீறிவிட்டோமோ என்று கலங்கினார். அப்போது ஓர் இயேசு சபைக் குருவானவர், சலேசியாரின் வழிகாட்டலை ஏற்கலாமென்று அவருக்குத் தைரியமூட்டினார்.

கட்டுகள் அவிழ்ந்தன

சலேசியார் அவசரப்படவில்லை. அம்மையாரை ஏற்றுக்கொள்ளுமுன் பல மாதங்கள் செபித்துச் சிந்தித்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் சென் குளோட் என்னும் திருத்தலத்தில் இருவரும் சந்தித்தனர். அங்கே அம்மையார் சொன்னவற்றையெல்லாம் ஆயர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டபின்னும் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. இரவு முழுவதும் அதைப்பற்றி யோசித்து, மறுநாட் காலையிலேயே பதிலளித்தார். அந்த நான்கு வார்த்தைப்பாடுகளும் மனச்சாட்சியின் சமாதானத்தைக் குலைப்பதைத் தவிர வேறு பயன் தராதவை என்று கூறி அவற்றிலிருந்து அவரை விடுவித்தார்.

அதன்பின் அவர் எழுதிய கடிதங்கள் ஆன்மீக இலக்கியத்திற் புகழ்பெற்றவை. அம்மையார் அவருக்கு எழுதிய கடிதங்களோ பெரும்பாலும் இன்றில்லை. ஆயர் குறிப்புகளோடு பேணிவைத்திருந்த அவற்றை, அவருடைய மரணத்தின்பின் அம்மையார் தாமே நெருப்பிலிட்டார். ஆகவே வழிகாட்டியின் பதில்களைக் கொண்டே அம்மையாரின் கேள்விகளை நாம் ஊகித்தறிய வேண்டியுள்ளது.

1604 ஒக்டோபரில் எழுதிய நீண்ட கடிதத்தில் ஆயர் சொன்னதன் சாரம், எதையும் அன்பினாற் செய்யவேண்டும், பலவந்தத்தினாற் செய்யலாகாது என்பதே. உபவாசங்களையும் ஒறுத்தல்களையும் அவர் குறைத்தார். பிள்ளைகளைக் கவனித்தல், முதியவர்களைப் பராமரித்தல், நோயாளிகளைச் சந்தித்தல் ஆகிய அன்றாடக் கடமைகளோடு ஒத்துப்போகும் எளிய செப ஒழுங்கை வகுத்துக் கொடுத்தார். விளைவு என்ன? முந்திய வழிகாட்டியின் காலத்தில் அம்மையார் குறித்த நேரங்களில் மட்டும் செபித்து எல்லோரையும் சிரமப்படுத்தினார் என்றும், இப்போது எந்நேரமும் செபித்து எவரையும் சிரமப்படுத்துவதில்லை என்றும் வேலைக்காரர்கள் தம்முட் பேசிக்கொண்டார்களாம்.

மாமனார் வீட்டிலும் மாற்றம் தெரிந்தது. தம்மை அவமதித்த பணிப்பெண்ணின் பிள்ளைகளைத் தமது பிள்ளைகளோடு சேர்த்து உடுப்பித்து, அவர்களுக்கு எழுத்தும் மறைக்கல்வியும் கற்பித்தார் அம்மையார். அப்பெண் உடனே மாறிவிடவில்லை. அம்மையாரின் நெஞ்சில் அவள் ஏற்படுத்தியிருந்த கசப்பு மாறிற்று.

சந்திக்கும் நாள்

பெரிய புண் இன்னும் இருந்தது. தான்லேசி தமது செயலுக்காக வருந்தி, அம்மையாரைச் சந்தித்துச் சமாதானமாக விரும்பினார். உறவினரும் அதை விரும்பினர். அம்மையார் என்ன செய்வதென்று அறியாமல் சலேசியாருக்கு எழுதிக் கேட்டார்.

ஆயரின் பதில், மன்னிப்பைப்பற்றி எழுதப்பட்டவற்றுள் மிகுந்த ஞானமுள்ளவற்றில் ஒன்று. அதன் கருத்தை இங்கு சுருக்கித் தருகிறோம். அம்மனிதரைத் தேடிப் போகவேண்டிய அவசியம் இல்லை. நாள் குறித்துச் சந்திப்பை ஏற்படுத்தவும் வேண்டியதில்லை. ஆனால் சந்தர்ப்பம் தானே வருமானால், கனிவும் இரக்கமும் உள்ள இருதயத்தோடு அவரை எதிர்கொள்ளவேண்டும். அவ்வேளை நெஞ்சம் புரளும், இரத்தம் கொதிக்கும் என்பது ஆயருக்குத் தெரியும். அதனாற் கலங்கவேண்டாம் என்கிறார். நமது ஆண்டவரும் இலாசரு இறந்தபோது உள்ளம் கலங்கினார். தமது பாடுகளை நினைத்தபோதும் கலங்கினார். கலங்கியவேளை கண்களை வானத்தை நோக்கி உயர்த்தினார். நாமும் எலும்பும் சதையுமுள்ள மனிதர் என்பதை இத்தகைய உணர்ச்சிகளால் அறிந்துகொள்கிறோம் என்பதே அக்கடிதத்தின் போதனை.

இதில் மூன்று விடயங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, அவர் அம்மையாரை விரட்டவில்லை. இரண்டாவது, நெஞ்சம் கொதிப்பதை மன்னியாமைக்கு அடையாளமாக அவர் கருதவில்லை. உணர்ச்சி ஒருபுறம் எழும்பினாலும், மனவிருப்பம் அன்பின்பால் நின்றால் மன்னிப்பு அங்கே தொடங்கிவிட்டது. மூன்றாவது, அவர் அம்மையாருக்காகத் தாமே எதையும் செய்யவில்லை. நடக்கவேண்டியவர் அம்மையாரே. வழிகாட்டி பக்கத்தில் நடந்தார்.

யோவன்னா அம்மையார் படிப்படியாக நடந்தார். முதலில் வழியிற் கண்டபோது வணக்கம் சொல்வதற்குத் தம்மைப் பழக்கினார். பின்னர் தமது வீட்டுக்கு வருவதற்கு அவரை அனுமதித்தார். முதற் சந்திப்பின்போது முகத்திலே சாந்தத்தைக் காட்டுவதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. கடைசியில் தான்லேசிக்கு ஒரு பிள்ளை பிறந்தபோது, அப்பிள்ளையைத் திருமுழுக்குத் தொட்டியில் ஏந்தும் ஞானத்தாயாக நிற்க அம்மையார் முன்வந்தார். தமது பிள்ளைகளைத் தகப்பனற்றவர்களாக்கிய கைகளிலிருந்து அக்கைகளின் பிள்ளையை வாங்கித் தமது பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். கணவர் கோவிற் பதிவேட்டில் எழுதுவித்த மன்னிப்பை, மனைவி திருமுழுக்குத் தொட்டியருகே நிறைவு செய்தார்.

சபைத் தாபகர்

1610ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளைய மகள் சார்லோட் இறந்தாள். மூத்த மகள் மரி எமே முந்திய ஆண்டிலேயே சலேசியாரின் தம்பி பெர்னார்டை மணந்திருந்தாள். மகனைப் பாட்டனார் பிரேமியோவின் பராமரிப்பில் விட்டு, பிரான்சுவாசைத் தம்மோடு அழைத்துக்கொண்டு அம்மையார் அன்னெசி நகருக்குப் புறப்பட்டார். பிரிவைத் தாங்காத மகன் செல்ஸ் பெனிஞ் வாசலிலே குறுக்காகப் படுத்துக்கொண்டான். தாய் கண்ணீரோடு அவனைக் கடந்து சென்றார். இச்செயலை அக்காலத்திலும் குறை கூறினர். இன்றும் கூறுவோர் உளர். அம்மையாருக்கு அது கல்நெஞ்சினால் நேர்ந்ததன்று என்பதற்கு அக்கண்ணீரே சாட்சி.

1610 யூன் 6ஆந் திகதி, திரித்துவ ஞாயிறன்று, அன்னெசியில் ஒரு சிறிய வீட்டில் மாதா சந்திப்புச் சபை ஆரம்பமாயிற்று. கடுந்தவ மடங்களிற் சேர உடல்நலமில்லாதோர், விதவைகள், வயது சென்றவர்கள் ஆகியோரையும் இச்சபை ஏற்றுக்கொண்டது. முன்னர் தாம் சுமந்த அளவுமீறிய சுமைகளை அம்மையார் மறக்கவில்லை. சகோதரிகளைக் கனிவோடு நடத்துவதே அவருடைய ஆட்சிமுறையாயிற்று.

1616ஆம் ஆண்டில் ஒரு தியானத்தின்போது சலேசியார் இன்னொரு கடினமான பாடத்தைக் கற்பித்தார். இனித் தம்மீது சார்ந்திராமல், கடவுள்மீது மட்டும் சார்ந்திருக்குமாறு அம்மையாரிடம் கேட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாகத் துணைநின்ற வழிகாட்டி தாமாகவே விலகி நின்றார். ஒருவரைத் தம்மோடு கட்டிவைத்த முதலாம் வழிகாட்டிக்கும், கட்டவிழ்த்து நடக்கவிட்ட இரண்டாம் வழிகாட்டிக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது.

துன்பங்கள் அத்தோடு முடியவில்லை. 1617இல் மருமகன் பெர்னார்டும், அவரைத் தொடர்ந்து மகள் மரி எமேயும் இறந்தனர். 1622 டிசெம்பரில் லியோன் நகரில் சலேசியாரை அம்மையார் சந்தித்தார். மூன்று ஆண்டுகளுக்குமேற் காணாதிருந்தபடியால் தமது ஆன்ம நிலையைப் பேச விரும்பினார். ஆயரோ, அதைப் பின்னர் அன்னெசியிற் பேசலாம், இப்போது சபைக் காரியங்களைப் பார்ப்போம் என்றார். அதே மாதம் 28ஆந் திகதி ஆயர் லியோனிலேயே இறந்தார். அந்தப் பேச்சு நடைபெறவேயில்லை.

1627இல் மகன் செல்ஸ் பெனிஞ், ரே தீவில் ஆங்கிலப் படையோடு நடந்த போரில் மாண்டார். அவர் விட்டுச்சென்ற ஒரு வயதுப் பெண்குழந்தையே பின்னாளிற் பிரெஞ்சு இலக்கியத்திற் கடிதங்களால் அழியாப் புகழ்பெற்ற செவிஞே சீமாட்டி. கணவரை ஒரு குண்டுக்குப் பறிகொடுத்த அம்மையார், மகனைப் போருக்குப் பறிகொடுத்தார். முன்னர் கணவரை விட்டுவிடும்படி கடவுளோடு வாதாடியவர், இம்முறை மகனைக் கடவுளின் கையில் ஒப்படைத்தார். கண்ணீர் வராமலில்லை. பகைமை வரவில்லை.

விசுவாசத்துக்கு எதிரான சந்தேகங்களாலும் உள்ளத்தின் இருளாலும் அவர் நெடுங்காலம் வேதனைப்பட்டார். சலேசியாரின் மரணத்தின்பின் புனித வின்சன் டி போல் அடிகளாரின் ஆலோசனையைப் பெற்றார். பல மடங்களுக்குத் தாயாயிருந்தவர், தமக்கு ஆலோசனை தேவையில்லையென்று ஒருபோதும் எண்ணியதில்லை. 1641 டிசெம்பர் 13ஆந் திகதி மூலேன் நகரில் அவர் இறந்தபோது, அவருடைய சபைக்கு எண்பதுக்கு மேற்பட்ட மடங்கள் இருந்தன. 1767இல் பாப்பரசர் 13ஆம் கிளமெந்து அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய திருநாள் இப்போது ஆகஸ்ட் 12ஆந் திகதி கொண்டாடப்படுகிறது.

எமக்குரிய பாடம்

அன்பான வாசகர்களே, எமது குடும்பங்களிலும் ஆறாத புண்கள் உண்டு. காணி எல்லைக்காகப் பேச்சை நிறுத்திய சகோதரர் உண்டு. சீதனத்தால் முறிந்த உறவுகள் உண்டு. அன்புக்குரியவரை இன்னொருவரின் கவனக்குறைவாலோ கொடுமையாலோ இழந்தவர்கள் உண்டு. இவர்களைப் பார்த்து, மன்னித்துவிடு, மறந்துவிடு என்று ஒரே மூச்சிற் சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்வதால் புண் ஆறுவதில்லை. மன்னிக்க முடியவில்லையே என்ற குற்றவுணர்வு மட்டும் மேலதிகமாகச் சேர்கிறது.

பாவசங்கீர்த்தனத்தில் எமது பாவங்களுக்கு மன்னிப்புக் கிடைக்கிறது. பிறர் எமக்குச் செய்த தீங்கினால் உண்டான காயம் ஆறுவதற்கோ, பல தடவை இருந்து பேசும் துணையும் சிலவேளை தேவைப்படும். அத்துணையை நல்ல ஆன்ம வழிகாட்டியிடம் பெறலாம். பயிற்சிபெற்ற உளவளத்துணையாளரிடமும், அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளிலும் பெறலாம். அங்கு செல்வது பைத்தியத்துக்கு அடையாளமென்றோ, விசுவாசக் குறைவென்றோ எவரும் எண்ணவேண்டாம். ஒரு புனிதையே துணை தேடிச் சென்றார்.

துணையைத் தெரிந்துகொள்ளும்போது அம்மையாரின் அனுபவத்தை நினைவிற் கொள்வது நல்லது. நாம் சொல்வதை இரகசியமாகக் காப்பது வழிகாட்டியின் கடமை. அதற்கு மாறாக எம்மை இரகசியத்துக்குக் கட்டுப்படுத்தி, வேறு எவரிடமும் போகாதே, பேசாதே என்று சொல்லுபவரிடமிருந்து விலகிக்கொள்ள வேண்டும். நல்ல துணைவர் முதலிற் கேட்பார், பின்னரே பேசுவார். எமது உடல்நலத்தையும் வீட்டுக் கடமைகளையும் கருத்திற் கொள்வார். தீங்கு செய்தவரை உடனே போய்ச் சந்திக்கும்படி நெருக்கமாட்டார்; சந்திப்பது ஆபத்தானால் அதைத் தடுப்பார். கோபம் எழுவதைக் கண்டு எம்மைக் கண்டிக்கமாட்டார். நாம் சொந்தக் காலில் நிற்கும் காலம் வரும்போது மகிழ்ச்சியோடு வழிவிடுவார். முதலிற் போன இடம் பொருந்தவில்லையென்றால், தேடுவதை நிறுத்திவிடவும் கூடாது. யோவன்னா அம்மையார் அவ்விடத்தோடு நின்றிருந்தால் தான்லேசியின் பிள்ளைக்கு அந்த ஞானத்தாய் கிடைத்திருக்கமாட்டார்.

மன்னிக்க விரும்பியும் இயலாதிருக்கும் ஒவ்வொருவருக்காகவும், அவர்களுக்குத் தகுந்த துணை கிடைப்பதற்காகவும், புனித யோவன்னா பிரான்சிஸ்கா அம்மையாரின் மன்றாட்டை இவ்வாரம் எமது குடும்ப செபத்தில் வேண்டிக்கொள்வோமாக.